படகு வாங்கிய பிறகு கிளப்பில் சேரலாம் என்று காத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

டல்லஸ், பிளேனோ, ஃபிரிஸ்கோ, இர்விங் வட்டாரத்தில் தூண்டிலும் கையுமாக இருக்கும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். லூயிஸ்வில் ஏரிக்கரையிலும் லவோன் ஏரியின் அணைப் பாறைகளிலும் சனிக்கிழமை விடியலில் நிற்பவர்களில் நம்மவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். கை பழகிவிட்டது, ராட் நன்றாக இருக்கிறது, மீனும் படுகிறது. பாஸ் என்ற நன்னீர் மீனைப் போட்டி வைத்துப் பிடிக்கும் உள்ளூர் பாஸ் கிளப்பில் சேரலாமே என்றால் மட்டும் எல்லோரிடமும் ஒரே பதில்தான்: "மொதல்ல போட் வாங்கணுங்க, அப்புறம் பார்க்கலாம்." இந்தக் கணக்கு தலைகீழானது என்று சொல்லத்தான் இந்த மடல்.

200 குதிரைத்திறன் எஞ்சினோடு வரும் 20 அடி ஃபைபர்கிளாஸ் பாஸ் படகு புதிதாக வாங்கினால் 70, 80 ஆயிரம் டாலரைச் சாதாரணமாகத் தாண்டும். அதை இழுக்கத் தோதான வண்டி வேண்டும். நம்மவர்கள் வீடு வாங்கும் குடியிருப்புகளில் பெரும்பாலும் வீட்டு முன்னால் படகை நிறுத்தவே விடமாட்டார்கள் என்பதால் மாத வாடகைக்கு ஒரு ஷெட்டும் பிடிக்க வேண்டும். இத்தனையும் செலவழித்த பிறகுதான், நமக்குப் படகு ஓட்டத் தெரியாது, ஏரியில் மீன் எங்கே நிற்கும் என்றும் தெரியாது என்பது புரியும். அந்த இரண்டையும் படகு இல்லாமலே கற்றுக்கொள்ள உள்ள வழிதான் கிளப்.

பாஸ் கிளப் என்பது 15, 20, 30 பேர் மாதம் ஒருமுறை கூடிப் பேசி, மாதம் ஒரு ஏரியில் போட்டி வைத்துக்கொள்ளும் சிறு சங்கம். ரே ஸ்காட் என்ற அலபாமாக்காரர் 1967 ஜூனில் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் ஒரு பெரிய போட்டி நடத்தினார். மறு ஆண்டே பி.ஏ.எஸ்.எஸ். என்ற பாஸ் தூண்டில்காரர் அமைப்பைத் தொடங்கினார். இன்று நாடெங்கும் இருக்கும் கிளப்புகளின் விதிகளில் பெரும்பகுதி அந்த வழியில் வந்தவை. நமக்கு முக்கியமானது ஒரே ஒரு விதி, குலுக்கல். ஒரு பக்கம் படகு உள்ளவர்கள் பெயர், மறு பக்கம் இல்லாதவர்கள் பெயர். சீட்டு எடுத்து இவருக்கு இவர் என்று ஜோடி சேர்ப்பார்கள். படகுள்ளவர் 'போட்டர்', இல்லாதவர் 'நான்-போட்டர்'. சில இடங்களில் 'கோ-ஆங்ளர்' என்பார்கள். நான்-போட்டர் பிடிப்பது அவர் கணக்கு, போட்டர் பிடிப்பது போட்டர் கணக்கு. ஆண்டு இறுதிப் புள்ளிப் பட்டியலும் பல கிளப்புகளில் இருவருக்கும் தனித்தனி.

ஆகவே படகில்லாதவர் அங்கே ஒட்டிக்கொண்டு வரும் விருந்தாளி இல்லை. 12 படகு இருந்தால் கிளப்புக்கு இன்னும் 12 பேர் வேண்டும். செலவைப் பகிரவும், மாட்டிய மீனைக் கைவலையில் ஏந்தவும், அளவைப் பார்த்துச் சாட்சி சொல்லவும் இரண்டாவது ஆள் இல்லாவிட்டால் குலுக்கலுக்கே வேலையில்லை.

எல்லா கிளப்பும் இப்படி நடப்பதில்லை. 'டீம்' முறை கிளப்பில் இரண்டு நண்பர்கள் ஆண்டு முழுக்க ஒரே படகில் ஓடுவார்கள், எடையும் கூட்டுக் கணக்கு. அங்கே ஆள் தெரியாமல் போய் நின்றால் உண்மையிலேயே இடம் இருக்காது. போனில் முதல் கேள்வியாக "உங்கள் போட்டி குலுக்கலா, டீமா?" என்று கேளுங்கள். அடுத்து, "போட்டர் எத்தனை, நான்-போட்டர் எத்தனை?" நான்-போட்டர் கூட இருந்தால் காத்திருப்புப் பட்டியல்தான். மூன்றாவது, "படகில் பின்னால் நிற்கும் நான்-போட்டருக்கு நேரப் பங்கு உண்டா?" சில கிளப்புகளில் பாதி நாள் எங்கே போவது என்று நான்-போட்டர் சொல்லலாம். பலவற்றில் நாள் முழுக்கப் போட்டர் இஷ்டம். முதல் ஆண்டில் இரண்டாவது வகையே நல்லது என்பது எங்கள் கருத்து. ஏரி தெரியாதவருக்குப் பாதி நாள் கொடுத்து என்ன பயன்?

மீனைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்மூர் ஓட்டலில் 'சீ-பாஸ்' என்று தட்டில் வருவது கொடுவா. இது அதுவல்ல. இது நன்னீர் மீன், சன்ஃபிஷ் குடும்பம். இதில் லார்ஜ்மவுத் என்ற வகை வாயை மூடினால் மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். ஸ்பாட்டட் பாஸ் என்ற வகைக்குத் தாண்டாது, நாக்கில் சொரசொரப்பாக ஒரு பல்திட்டும் இருக்கும். டெக்சாஸ் சட்டத்தில் இரண்டுக்கும் நீள வரம்பு வேறு என்பதால் பிரித்தறியத் தெரியவேண்டும். லார்ஜ்மவுத்துக்கு மாநிலப் பொது வரம்பு குறைந்தது 14 அங்குலம், நாளுக்கு 5 மீன். லேக் ஃபோர்க் என்ற ஏரியில் கதை வேறு: 16 அங்குலம் வரை வைத்துக்கொள்ளலாம், 24-உம் அதற்கு மேலும் என்றால் ஒன்றே ஒன்று, இடைப்பட்டது எதையும் தொட்டியில் (படகில் மீனை உயிரோடு வைக்கும் இடம்) போடவே கூடாது. 1992 ஜனவரியில் 18.18 பவுண்டில் மாநிலச் சாதனை மீன் வந்த ஏரி அது. போட்டி மீன் எல்லாமே உயிரோடு ஏரிக்குத் திரும்பும். குழம்புக்கு மீன் வேண்டுமென்றால் அது வேறு நாள், வேறு மீன். கேட்ஃபிஷும் கிராப்பியும் இருக்கவே இருக்கின்றன.

உரிமம் வாங்கும்போது தேதியைக் கவனியுங்கள். டெக்சாஸின் சாதாரண நன்னீர் உரிமம் எப்போது வாங்கினாலும் ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும். ஜூலையில் வாங்குகிறவர், வாங்கிய நாளிலிருந்து ஓராண்டு ஓடும் 'ஆல்-வாட்டர்' உரிமத்தை எடுப்பதே புத்திசாலித்தனம். மாநிலத்தில் தொடர்ந்து 6 மாதத்துக்கு மேல் வசித்தவருக்கே உள்ளூர்வாசிக் கட்டணம்.

பணக் கணக்கு இப்படி: கிளப் சந்தா, கிளப் ஏதாவது அமைப்போடு இணைந்திருந்தால் அதன் சந்தா, ஒவ்வொரு போட்டிக்கும் நுழைவுக் கட்டணம், விருப்பமிருந்தால் 'பெரிய மீன்' பந்தயப் பணம். இவற்றைவிட முக்கியமானது போட்டருக்குக் கொடுக்கும் பங்கு. படகு எஞ்சின் குடிக்கும் பெட்ரோல், இழுக்கும் வண்டியின் பெட்ரோல், ராம்ப் (படகைத் தண்ணீரில் இறக்கும் சரிவுப் பாதை) கட்டணம் எல்லாவற்றுக்குமாக. கிளப் தொகை குறித்திருந்தால் அதைக் கொடுங்கள். குறிக்காவிட்டால் பக்கத்து ஏரிக்கு 50 டாலர், தூரம் என்றால் கூட. காலையில், படகு தண்ணீரில் இறங்கும் முன், அவர் கேட்காமலே, நோட்டாக. சாயங்காலம் "எவ்வளவு தரணும்?" என்று கேட்டால் எந்த மனிதரும் "பரவாயில்லை, விடுங்கள்" என்றுதான் சொல்வார், அடுத்த குலுக்கலில் உங்கள் பெயர் வந்தால் முகம் சுளிப்பார்.

சாமான் விஷயத்தில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். பின் தளம் ஒரு சாப்பாட்டு மேசை அளவுதான் இருக்கும். அதில் நீங்கள், உங்கள் ராடுகள், உங்கள் பை. நான்கு ராடுக்கு மேல் வேண்டாம். தொடக்கத்துக்கு இரண்டே போதும். ஒன்று, 7 அடி மீடியம்-ஹெவி பெயிட்காஸ்டர் (வீசும்போது உருளையே சுழலும் ரீல்), 15 பவுண்டு ஃபுளோரோகார்பன் நரம்பு, அதாவது தூண்டில் இழை. இதில் 3/8 அவுன்ஸ் ஈயமும் 4/0 முள்ளும் வைத்த டெக்சாஸ் ரிக் (முள் முனையைப் பிளாஸ்டிக் புழுவுக்குள் மறைத்துக் கோர்ப்பது), இல்லாவிட்டால் ஜிக் (ஈயத்தலை வைத்த முள்). இரண்டு, 7 அடி மீடியம் ஸ்பின்னிங், 10 பவுண்டு பிரெய்டு (பின்னிய நரம்பு), முனையில் 6 முதல் 8 அடி 8 பவுண்டு ஃபுளோரோகார்பன். இதில் டிராப்-ஷாட் (ஈயம் அடியிலும் முள் அதற்கு மேலும்), நெட் ரிக் (காளான் வடிவ ஈயத்தலையில் சிறு புழு), ஈயமே இல்லாத 5 அங்குலப் பிளாஸ்டிக் புழு. மூன்றாவதாக ஸ்பின்னர்பெயிட் (சுழலும் தகடு வைத்த இரை), கிராங்க்பெயிட் (இழுத்தால் நீந்தும் கெட்டி மீன் பொம்மை) வீச ஒன்று. கோடையில் பாசிமேல் தவளை வடிவ இரையை இழுக்க 50 பவுண்டு பிரெய்டு போட்ட கனத்த ராடு நான்காவது. ஒவ்வொரு ராடுக்கும் துணி உறை போடுங்கள். உறையில்லாத மூன்று ராடும் போட்டருடைய எட்டு ராடும் ஒரே அறையில் கிடந்தால், காலை முதல் அரைமணி நேரம் முள் பிரிக்கும் வேலைதான்.

பை துணிப்பையாக இருக்கட்டும். கெட்டியான பெரிய பிளாஸ்டிக் பெட்டி காலில் இடிக்கும், தளத்தைக் கீறும். செருப்போ ஷூவோ, அடிப்பக்கம் கறை படியாததாக இருக்கவேண்டும். ஸ்பிரே சன்ஸ்கிரீன் வேண்டாம், தடவும் வகை எடுங்கள். புழுவின் வாலை முக்கும் மஞ்சள் சாயக் குப்பி பக்கம் எச்சரிக்கையாக இருங்கள். பூண்டு நாற்றம் அடிக்கும் அந்தச் சாயம் ஒரு சொட்டு விழுந்தால் படகின் கார்ப்பெட்டை விட்டு அது போகாது. முக்கியே ஆகவேண்டுமென்றால் தண்ணீருக்கு மேலே கையை நீட்டி முக்குங்கள். ரப்பர்போல் இழுபடும் இசட்-மேன் வகைப் புழுவைச் சாதாரண பிளாஸ்டிக் புழுவோடு ஒரே டப்பாவில் போட்டால் இரண்டும் உருகிக் கூழாகிவிடும். சாப்பாட்டுக்கு எலுமிச்சைச் சாதம், புளிச்சாதம் எதுவும் கொண்டுபோகலாம், ஸ்பூன் மறக்காதீர்கள். எண்ணெய்க் கையோடு இரையைத் தொடாதிருந்தால் சரி. வாழைப்பழம் மட்டும் வேண்டாம். படகில் வாழைப்பழம் வந்தால் மீன் படாது என்பது அமெரிக்கத் தூண்டில்காரர்களின் பழைய நம்பிக்கை. பூனை குறுக்கே போவதைப் பார்த்து நிற்கும் நமக்கு அவர்களைக் கேலி செய்ய அருகதை இல்லை.

பெயிட்காஸ்டர் ரீலை வீட்டுப் புல்தரையில் பழகிவிட்டு வாருங்கள். முள் இல்லாத 3/8 அவுன்ஸ் கட்டை போதும். ராடைப் படுக்கையாகப் பிடித்து ரீலின் பொத்தானை அழுத்தினால் கட்டை மெதுவாக இறங்கவேண்டும். அது தரையைத் தொட்டதும் உருளை நின்றுவிடவேண்டும். நிற்காவிட்டால் கைப்பிடிப் பக்கத்துச் சிறு திருகைக் கொஞ்சம் இறுக்குங்கள். பிரேக்கை முக்கால் பங்கு கூட்டி வையுங்கள். நரம்பு குருவிக்கூடாகச் சிக்குவதற்குக் காரணம் ஒன்றுதான்: இரை இழுக்கும் வேகத்தைவிட உருளை வேகமாகச் சுற்றுவது. வெடுக்கென்று வீசும்போதும், எதிர்காற்றிலும், இரை தண்ணீரில் விழும் கணத்திலும் அது நடக்கும். விழுவதற்குச் சற்று முன் கட்டைவிரலால் உருளையைத் தொட்டால் போதும். சிக்கிவிட்டால் பிடுங்காதீர்கள், கட்டைவிரலால் உருளையை அழுத்திக்கொண்டே கைப்பிடியை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, பிறகு நரம்பை இழுத்துப் பாருங்கள். பாதிச் சிக்கு தானே அவிழும். நீங்கள் சிக்கெடுக்கும் ஐந்து நிமிடத்தில் படகு நூறு அடி போயிருக்கும், யாரும் காத்திருக்கமாட்டார்கள்.

குலுக்கல் முடிந்த இரவே போட்டருக்குப் போன் செய்யுங்கள். எந்த ராம்ப், எத்தனை மணி, எத்தனை ராடு, ஆழமா கரையோரமா என்று கேளுங்கள். "எந்த இடத்துக்குப் போகிறோம்?" என்று கேட்காதீர்கள். நீருக்கடியில் மீன் நகர்வதை அப்போதைக்கப்போதே காட்டும் நேரடிச் சோனார் திரையைப் பார்த்து மீன் பிடிப்பவரா என்பதையும் நயமாகத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் நாள் முழுக்க நடு ஏரியில் திரையில் தெரியும் ஒற்றை மீனைத் துரத்துவாரென்றால், பின்னால் நிற்பவருக்குக் கரையும் இல்லை, மரமும் இல்லை. அப்படிப்பட்ட நாளில் டிராப்-ஷாட்டும் சிறு ஜிக்ஹெட்டில் கோர்த்த பிளாஸ்டிக் மீன்குஞ்சும்தான் கைகொடுக்கும். இந்தத் திரை வந்த பிறகு பின் தளத்தின் வாழ்க்கை கஷ்டமாகிவிட்டது என்று மனம்விட்டுச் சொல்லிவிடுகிறோம்.

வரமுடியாவிட்டால் இரண்டு நாள் முன்பே சொல்லுங்கள். விடிகாலை நாலரைக்கு "சாரி" என்று செய்தி அனுப்புபவரை அடுத்த மாதம் யாரும் நினைவில் வைத்திருக்கமாட்டார்கள். நினைவு வைத்தால் அது இன்னும் மோசம்.

இனி ராம்ப். நான்-போட்டரின் மதிப்பு தீர்மானமாகும் இடம் இதுதான். விடிவதற்கு முன் இருபது படகு வரிசையில் நிற்கும். சரிவில் இறங்குவதற்கு முன்னால், ஓரமாக நிறுத்திச் செய்யவேண்டிய வேலைகள்: சாமான் எல்லாவற்றையும் படகில் ஏற்றுவது, பின்பக்க வார்களைக் கழற்றுவது, அடிப்பக்க வடிகால் துளைக்கு அடைப்பான் போட்டாயிற்றா என்று பார்ப்பது. "பிளக் போட்டாச்சா?" என்று கேட்பதற்கு வெட்கப்படவேண்டாம். இருபது ஆண்டு அனுபவமுள்ளவர்களும் அதை மறந்து, படகு பின்பக்கம் தாழ்வதைப் பார்த்துப் பதறியிருக்கிறார்கள். முன்பக்கக் கொக்கியையும் சங்கிலியையும் மட்டும் தண்ணீர்விளிம்புவரை கழற்றக் கூடாது. செங்குத்தான சரிவில் அவசரப்பட்டுக் கழற்றினால் படகு ட்ரெய்லரிலிருந்து வழுக்கிக் கான்கிரீட்டில் உட்கார்ந்துவிடும்.

பெரும்பாலும் போட்டர் படகில் ஏறிக்கொண்டு, வண்டியைப் பின்னால் எடுக்கும் வேலையை உங்களிடம் விடுவார். ட்ரெய்லரோடு வண்டியைப் பின்னால் எடுக்கத் தெரிந்தவர் ஒருவர் போதும், கிளப்பே அவரைத் தேடும். இதற்குப் படகு வேண்டாம். ஒரு சிறு ட்ரெய்லரை ஒருநாள் வாடகைக்கு எடுத்து, ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கும் பார்க்கிங்கில் இரண்டு மணிநேரம் பழகுங்கள். ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டால் ட்ரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கமே கையை நகர்த்தலாம். மேல்பக்கம் பிடித்தால் எல்லாம் மாறிப்போகும். கையைக் கொஞ்சமாக நகர்த்துங்கள், நிறையத் திருப்பினால் ட்ரெய்லர் மடங்கிவிடும். மடங்கத் தொடங்கினால் பின்னாலேயே சரிசெய்யப் பார்க்காமல் பத்தடி முன்னால் போய் நேராக்கிவிட்டு மறுபடி வாருங்கள். ட்ரெய்லரின் சக்கர மூடி தண்ணீரில் மூழ்கும் அளவுக்கு இறங்கினால் படகு பொதுவாக மிதந்துவிடும். பார்க்கில் போட்டுக் கைபிரேக்கும் இழுங்கள். படகு போனதும் மேலே வந்து தூரமாக நிறுத்திவிட்டு, சாவியை மறக்காமல் ஓடிவாருங்கள்.

பெரிய எஞ்சின் உயிர்பெறும் முன் உயிர்காப்பு அங்கி போட்டுப் பூட்டியிருக்கவேண்டும். விதிப்புத்தகத்தில் இதற்கு விலக்கே கிடையாது. நம்மில் நீச்சல் தெரியாதவர்கள் அதிகம். அவர்களுக்குத் தானாக ஊதிக்கொள்ளும் வகையைவிட நுரை வைத்த அங்கி நல்லது. அதில் கெட்டுப்போக எதுவும் இல்லை. ஊதும் வகைதான் வேண்டுமென்றால் எரிவாயு உருளையின் அடையாளம் பச்சையாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். மீன் பிடிக்கும் நேரத்திலும் அங்கியைக் கழற்றவேண்டாம். ஓட்டுபவர் உடம்போடு இணைத்திருக்கும் எஞ்சின் நிறுத்துக் கயிறு 2021 ஏப்ரலிலிருந்து 26 அடிக்குக் குறைந்த படகுகளுக்குக் கூட்டாட்சிச் சட்டம். அது எங்கே மாட்டுகிறது, அவர் தண்ணீரில் விழுந்துவிட்டால் எஞ்சினை மறுபடி எப்படிக் கிளப்புவது, வீசியெறியும் மிதவை எங்கே என்று காலையிலேயே காட்டச் சொல்லுங்கள். எந்தப் போட்டரும் இதைத் தப்பாக நினைக்கமாட்டார். மணிக்கு 60 மைல் வேகத்தில் தொப்பி, புழுப் பாக்கெட், சாப்பாட்டுக் கவர் எல்லாம் பறக்கும். எல்லாவற்றையும் பைக்குள் போட்டுப் பூட்டுங்கள்.

இனி மீன்பிடிப்பு. முன் தளம், நம்மூர்க் கடலோரத்தில் அணியம் என்பார்களே அது, போட்டருடையது. மீன் பிடிக்கும்போது படகை மெல்ல நகர்த்தும் மின்மோட்டார் அவர் காலடியில். அவர் முன்னால் வீசுவார். உங்கள் எல்லை படகின் நடுவிலிருந்து பின்னால். அவருக்கு முன்னால் இருக்கும் மரத்தில் எவ்வளவு ஆசையிருந்தாலும் வீசக்கூடாது. ஒவ்வொரு முறையும் பின்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் ராடை ஓங்கவேண்டும். மூன்று முள் கொண்ட கிராங்க்பெயிட் போட்டரின் காதில் மாட்டினால் அன்றைய போட்டி அங்கேயே முடிந்தது. முள்ளை வெட்டும் குறடு ஒன்று எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும். கண்ணருகிலோ மூட்டிலோ மாட்டிய முள்ளைப் படகில் யாரும் பிடுங்கக்கூடாது. நரம்பை வெட்டிவிட்டு மருத்துவமனைதான்.

பின்னால் நிற்பவருக்கு மிச்சம்தான் கிடைக்கும் என்று புலம்புபவர்கள், போட்டர் வீசும் அதே இரையைத்தான் அதே வேகத்தில் வீசிக்கொண்டிருப்பார்கள். அவர் ஸ்பின்னர்பெயிட்டை வேகமாக இழுத்துப் போனால், அதைப் பார்த்துக் கடிக்காமல் விட்ட மீன் இன்னும் அங்கேதான் இருக்கும். அதன் முன்னால் ஈயமில்லாத புழு மெல்ல இறங்கினால் கடிக்கும். அவர் கரைக்கு வீசினால் நீங்கள் படகுக்கும் கரைக்கும் இடையிலோ, ஆழப்பக்கமோ போடுங்கள். அவர் அடிமட்டத்தில் ஜிக் இழுத்தால் நீங்கள் நடுத்தண்ணீரில் ஓட்டுங்கள். படகு நகர்ந்துகொண்டே இருப்பதால் மெதுவான இரை தானாகவே வேகமாக இழுபடும். கரையில் 3/16 அவுன்ஸ் ஈயம் போதுமென்றால் இங்கே 3/8. வீசும் கோணமும் முக்கியம்: நேர் பின்னால் வீசாமல் படகுக்குச் செங்குத்தாக வீசினால், படகு தாண்டிப்போவதற்குள் இரை அடியைத் தொட்டு நாலைந்து துள்ளல் துள்ளிவிடும்.

போட்டருக்கு மீன் மாட்டினால் உங்கள் நரம்பை முழுக்கச் சுற்றிவிட்டு ராடைக் கீழே வையுங்கள். நீட்டிக்கிடக்கும் நரம்பில்தான் அந்த மீன் சுற்றும். கைவலையை எடுத்து அவர் சொல்லும் பக்கம் நில்லுங்கள். வலையின் விளிம்பு தண்ணீருக்குக் கீழே ஓரடி ஆழத்தில் அசையாமல் இருக்கவேண்டும். மீனைத் துரத்தி வலையை வீசக்கூடாது. அவர் மீனை வலைமேல் கொண்டுவருவார், தலை உள்ளே நுழைந்ததும் தூக்குங்கள். வால்பக்கமிருந்து வாரினால் மீன் முன்னால் பாயும், வெளியே தொங்கும் முள் வலையில் மாட்டும், மீன் வலைக்கு வெளியே துள்ளும், நரம்பு அறும். நான்கும் ஒரே நொடியில் நடக்கும். நரம்பைக் கையால் தொடவே வேண்டாம். நான்கு பவுண்டு மீனை இப்படிச் சத்தமில்லாமல் ஏற்றிக்கொடுத்தவரை எந்தப் போட்டரும் மறப்பதில்லை.

அளவெடுக்கும்போது வாய் மூடி அளவுப்பலகையின் சுவரைத் தொடவேண்டும், வாலின் இரு நுனியையும் சேர்த்துப் பிடிக்கவேண்டும். கோட்டைத் தொடுகிறதா இல்லையா என்று சந்தேகம் வந்தால் விட்டுவிடுங்கள். அளவு குறைந்த மீனைத் தராசுக்குக் கொண்டுபோனால் அந்த மீனும் போகும், தண்டமும் விழும். தொட்டியில் ஐந்து மீன் இருக்க ஆறாவது வந்தால் உடனே ஒன்றை விடவேண்டும். ஆகவே ஒவ்வொரு மீனுக்கும் தாடையைத் துளைக்காத வண்ணக் கவ்வி மாட்டி, எந்த நிறம் சின்னது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் நிறம் போட்டருடைய நிறத்தோடு குழம்பாதபடி காலையிலேயே பேசிவைத்துக்கொள்வது நல்லது.

கோடையில் நீங்கள் கொண்டுபோகக்கூடிய மிகச் சிறந்த பரிசு இரண்டு ஐஸ் பாட்டில். 2 லிட்டர் சோடா பாட்டில் இரண்டில் கழுத்துக்குக் கீழே வரை தண்ணீர் நிரப்பி இரவே உறையவையுங்கள். முழுக்க நிரப்பினால் வெடிக்கும். ஜூலையில் டெக்சாஸ் ஏரிகளின் மேல்தண்ணீர் 85 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, அந்தச் சூட்டில் மீனுக்குத் தேவையோ அதிகம். பிற்பகலில் தொட்டி மீன் சாவது இதனால்தான். 30 கேலன் தொட்டியில் இரண்டு பாட்டிலும் கரைந்தால் 5, 6 டிகிரி இறங்கும். அதற்கு மேல் திடீரென்று குளிர்விப்பதும் மீனுக்கு நல்லதல்ல. பாட்டிலைத் திறக்காமல் அப்படியே போடுங்கள், குழாய்த் தண்ணீரின் குளோரின் உள்ளே போகாது. பிறகு ஏரித் தண்ணீரை உள்ளே இழுக்கும் பம்பை நிறுத்திவிட்டு, தொட்டித் தண்ணீரையே சுற்றவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஐஸ் ஏரியைக் குளிர்விக்கப் போய்விடும். செத்த மீன் ஒன்றுக்குக் கால் பவுண்டு தண்டம் என்பது பரவலான வழக்கம். அதைவிடச் செத்த மீனைப் பையில் தூக்கிக்கொண்டு நடப்பதுதான் அவமானம்.

திரும்பும் நேரத்தை நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள். தாமதமானால் நிமிடத்துக்கு ஒரு பவுண்டு குறைப்பதும், 15 நிமிடம் தாண்டினால் எடையே செல்லாது என்பதும் பல கிளப்புகள் பின்பற்றும் விதி. முன்னால் நிற்பவர் கடைசி மீன் மோகத்தில் கடிகாரத்தை மறப்பார்.

எடை போட்டு, மீனை விட்டுவிட்டு, படகை ஏற்றிய பிறகும் வேலை உண்டு. தொட்டி, அடித்தளம் எல்லாவற்றிலும் தண்ணீரை வடித்துவிட்டு, அடைப்பானை எடுத்துவிட்டு, ட்ரெய்லரில் தொங்கும் பாசியைப் பிய்த்துப் போடவேண்டும். 2009-இல் டெக்சோமா ஏரியில் ஜீப்ரா மட்டி என்ற அந்நியச் சிப்பி தென்பட்ட பிறகு அது ஏரி ஏரியாகப் பரவியதில் படகுத் தண்ணீருக்கும் பங்குண்டு. தண்ணீர் வடிக்காமல் கிளம்புவது 2014 ஜூலையிலிருந்து மாநிலம் முழுக்கச் சட்டப்படி குற்றம். போட்டர் வார் கட்டும்போது நீங்கள் இதைச் செய்தால் பத்து நிமிடத்தில் இருவரும் வீட்டுக்குக் கிளம்பலாம்.

கடைசியாக ஒன்று, மற்றதில் எல்லாம் தவறினாலும் மன்னிப்பு உண்டு, இதற்கு இல்லை. போட்டர் அழைத்துப்போன இடத்தை உங்கள் போனில் குறிக்காதீர்கள், அவர் திரையைப் படம் பிடிக்காதீர்கள், அடுத்த வாரம் வேறொருவரோடு அங்கே போய் நிற்காதீர்கள். பின்னணியில் பாலமோ கோபுரமோ தெரியும் படத்தைப் போட்டால் அதுவும் இடம் சொல்வதே. ஒரு மரக்குவியலைக் கண்டுபிடிக்க அவர் மூன்று குளிர்காலம் ஏரியை உழுதிருப்பார். கற்றுக்கொள்ளவேண்டியது அந்த இடத்தையல்ல. எந்த மாதம், எந்தக் காற்றில், எவ்வளவு ஆழத்தில் அவர் மோட்டாரை நிறுத்தினார் என்பதை. அதை வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதிக்கொள்ளலாம், யாரும் குறைசொல்லமாட்டார்கள்.

பல கிளப்புகளுக்குப் புத்தாண்டோடு கணக்கு தொடங்குகிறது. நவம்பர், டிசம்பர் கூட்டங்களில்தான் அடுத்த ஆண்டின் ஏரிகளை முடிவு செய்வார்கள், புதியவர்களையும் அப்போதுதான் எடுப்பார்கள். மார்ச்சில் போய்க் கேட்டால் இடம் நிரம்பியிருக்கும். இந்த வட்டாரத்தின் பெரிய மீன்கள் ஜனவரி முதல் மார்ச் வரைதான் அதிகம் வரும். 13 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள பாஸை இனப்பெருக்கத்துக்காக மாநிலம் கேட்டு வாங்கிக்கொள்ளும் ஷேர்லங்கர் திட்டத்தின் பருவமும் அந்த மூன்று மாதம்தான். நவம்பர் கூட்டத்துக்குப் போகும்போது உரிமத்தின் நகல், சந்தாப் பணம், அந்த மூன்று கேள்விகள் மூன்றையும் கொண்டுபோங்கள். கூட்டம் முடிந்து நாற்காலி மடக்கும்போது கூடநின்று மடக்குங்கள். முதல் குலுக்கலுக்கு முன்பே நாலு பேருக்கு உங்கள் பெயர் தெரிந்திருக்கும்.

அன்புடன்,
டல்லஸ் வட்டார ஏரிகளில் பின் தளத்தில் நிற்பவர்கள் சிலர்